சூரியன் இறங்கட்டும்

"இத்தனை நாளா வர்றேன் சார். இன்னும் ஒரு நட்சத்திரத்தைக்கூடக் கண்ணுல காட்டலையே!"

வைரமணி டீச்சர் கேட்டார். கேட்டார் என்பதைவிட, சண்டைக்கு நின்றார் என்று சொல்லலாம்.

அமலதாஸ் டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

அமலதாஸ் டவுன் கல்லூரியில் இயற்பியல் எடுப்பவர். வகுப்பில் மூச்சுவிடாமல் பேசுவார் என்று கேள்வி. வீட்டுக் கொல்லையில் பேசுவதில்லை. கொல்லையில் ஒரு முருங்கை மரம், ஒரு துவைகல், நடுவே ஒரு தொலைநோக்கி. அவ்வளவுதான்.

வைரமணி கரட்டுப்பட்டி உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டு டீச்சர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். அவர் ஊதினால் மைதானத்தில் மேய்கிற ஆடுகூடத் தலையைத் தூக்கும்.

இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவர் இவரை "சார்" என்பார். இவர் அவரை "டீச்சர்" என்பார். யார் யாருக்குப் பாடம் சொல்கிறார்கள் என்று புதிதாக வருகிறவர் குழம்பிப் போவார்.

"சனிக்கிழமை கல்வி அலுவலர் வர்றாங்க சார். அன்னிக்கு சாயங்காலம் பிள்ளைங்களுக்குச் சூரியனைக் காட்டணும். காட்டலைன்னா எங்க ஸ்கூலுக்கு வந்திருக்கிற புது டெலஸ்கோப் டவுன் ஸ்கூலுக்குப் போயிரும்."

"ம்."

"முன்னாடி ஒரு மைக்ராஸ்கோப் வந்துச்சு. தொடத் தெரிஞ்ச ஆள் இல்லைன்னு அங்கதான் கொண்டு போனாங்க. இப்ப அது கண்ணாடி அலமாரிக்குள்ள இருக்கு. எங்க பிள்ளைங்க ஒருத்தரும் அதுல ஒரு வெங்காயத் தோலைக்கூடப் பார்த்ததில்லை."

"ம்."

"நான் கத்துக்கிட்டேன், 'சரி'ன்னு நீங்க சொன்னாத்தான் ஹெட்மாஸ்டர் டெலஸ்கோப் பெட்டிச் சாவி தருவாராம்."

அமலதாஸ் டம்ளர் விளிம்புவரை டீயை ஊற்றினார். தளும்பத் தளும்ப எடுத்து வந்தார்.

தொலைநோக்கி அன்று முக்காலியில் இல்லை. முக்காலி மட்டும் தனியாக நின்றது. வைரமணிதான் நிறுத்தியிருந்தார்.

அமலதாஸ் அதன் தலையில் டம்ளரை வைத்தார்.

டீ ஒரு பக்கமாக வழிந்தது.

"அய்யோ, நல்ல டீ!" என்றார் வைரமணி.

அமலதாஸ் உள்ளே போய் இன்னொரு டம்ளர் கொண்டு வந்தார். அதையும் விளிம்புவரை ஊற்றி, வைரமணியின் கையில் கொடுத்தார்.

வைரமணி முக்காலியின் ஒரு காலை நீட்டினார். டம்ளரை வைத்தார். வழிந்தது. இன்னொரு காலைக் குறுக்கினார். வழிந்தது. ஒரு காலின் கீழே இருந்த கூழாங்கல்லைப் பொறுக்கி எறிந்தார். மண்ணைக் காலால் மிதித்து இறுக்கினார். கோகோ மைதானத்துக்குக் கம்பு நடுகிறவர் அவர். மண்ணைப் பற்றி அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியில் டீ நின்றது. ஒரு சொட்டுக்கூட வழியவில்லை.

வைரமணி நிமிர்ந்து பார்த்தார்.

"ஆறிப்போச்சு," என்றார் அமலதாஸ். "குடிச்சிட்டுப் போங்க. நாளைக்கு வாங்க."

●

மறுநாள் தொலைநோக்கி முக்காலியில் ஏறியிருந்தது.

அது கணினி வைத்த தொலைநோக்கி. ஒரு ரிமோட் உண்டு. இருக்கிற இடத்தையும் தேதியையும் நேரத்தையும் ரிமோட்டில் சொல்லிவிட்டு, ஒரு நட்சத்திரத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும். தானே திரும்பிப் போய் அந்த நட்சத்திரத்தின் முன்னால் நிற்கும்.

நிற்க வேண்டும்.

வைரமணி எல்லாவற்றையும் அடித்தார். பொழுது அடைந்து, வானத்தில் ஒவ்வொன்றாக வெள்ளி முளைத்துக்கொண்டிருந்தது. தலைக்கு நேர் மேலே திருவாதிரை சிவப்பாக மின்னியது.

அமலதாஸ் ரிமோட்டில் ஒரு பெயரைக் காட்டினார். "திருவாதிரை."

வைரமணி அழுத்தினார்.

குழல் முனகிக்கொண்டு திரும்பியது. மேற்கே போனது. கீழே இறங்கியது. இன்னும் இறங்கியது. பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் இருந்த கறுப்புத் தண்ணீர்த் தொட்டிக்கு நேராகப் போய் நின்றது.

வந்து சேர்ந்துவிட்டேன் என்றது ரிமோட்.

"சார், திருவாதிரை மண்டைக்கு மேல இருக்கு. இது தொட்டியக் காட்டுது."

"ம்."

"பொய் சொல்லுது சார்."

"அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

"அப்ப திருவாதிரை தண்ணித் தொட்டிக்குள்ள இருக்கா?"

"நீங்க அதுகிட்ட என்ன சொன்னீங்க?"

"நான் என்ன சொன்னேன்? ஊர் சொன்னேன். மணி சொன்னேன். இன்னிக்கு ஆறாம் தேதி, மூணாம் மாசம். அதையும் சொன்னேன். ஆறு, மூணு."

அமலதாஸ் முருங்கை மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். இனி அவர் வாயிலிருந்து ஒன்றும் வராது என்று வைரமணிக்குத் தெரிந்தது.

ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். ஊர் சரி. மணி சரி. தேதி வந்தது. கண்ணுக்கு அருகே கொண்டு போனார்.

"ஜூனா?"

ரிமோட்டை இன்னும் கிட்டே கொண்டு போனார்.

"ஜூன் மூணா? ஸ்கூல் திறக்கிற நேரமால்ல போட்டிருக்கு! இங்க இன்னும் முழுப் பரீட்சையே முடியலை!"

சொன்னவர் அப்படியே நின்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். "இத செஞ்ச ஊர்ல மாசத்தை முன்னாடி போடுவாங்களோ?"

"ம்."

"நான் ஜூனுன்னு சொல்லிட்டேன். பாவம், அது ஜூன் மாச ஆகாசத்துக்குப் போயி தேடிட்டு இருக்கு."

அவர் தேதியை மாற்றினார். மாதம் முன்னே, நாள் பின்னே. மறுபடி திருவாதிரையை அழுத்தினார். குழல் தொட்டியை விட்டுக் கிளம்பியது. ஏறியது, ஏறியது, தலைக்கு மேலே போய் நின்றது.

வைரமணி குனிந்து வில்லையில் கண் வைத்தார்.

வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. அவர் வெகு நேரம் பேசாமல் இருந்தது அந்தக் கொல்லையில் அதுதான் முதல் முறை.

●

மறுநாள் வந்து பார்த்தால் எல்லாம் கலைந்து கிடந்தது.

முக்காலியின் கால்கள் மூன்றும் மூன்று நீளத்தில் இருந்தன. ரிமோட்டில் தேதி இல்லை. ஊர் இல்லை. பேட்டரி ஒரு பக்கம், வயர் ஒரு பக்கம்.

"சார்! நேத்து நான் சரியா வச்சிட்டுத்தானே போனேன்? யார் கலைச்சது?"

"பூனை வந்துச்சு," என்றார் அமலதாஸ்.

"ரிமோட்ல ஊரை அழிச்சதும் பூனைதானா?"

"கெட்டிக்காரப் பூனை."

வைரமணி முறைத்தார். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தார். கால், மண், மட்டம், வயர், ஊர், மாதம், நாள், மணி.

அதற்கு மறுநாளும் பூனை வந்திருந்தது.

அன்று வைரமணி ஒன்றும் கேட்கவில்லை. வந்தார், குனிந்தார், வேலையைத் தொடங்கினார்.

டீ வந்தபோது குடித்தார்.

●

சூரியனைக் காட்டப் பழக வேண்டிய நாள் வந்தது. அன்று வைரமணியை மதியமே வரச் சொல்லியிருந்தார் அமலதாஸ்.

வெயில் கொளுத்தியது. அமலதாஸ் ஒரு வட்ட அட்டையை எடுத்து வைத்தார். அதன் நடுவே வெள்ளிக் காகிதம்போல ஒரு மெல்லிய தாள் இழுத்து ஒட்டப்பட்டிருந்தது. சூரியனுக்கான பில்டர்.

"இதை எங்க போடணும்னு எனக்குத் தெரியும்," என்றார் வைரமணி. "குழலோட முன்வாயில. சூரியன் உள்ள நுழையறதுக்கு முன்னாடியே மறிச்சிடணும். கண் வைக்கிற பக்கம் போட்டாப் பிரயோஜனம் இல்ல. படிச்சிட்டு வந்துட்டேன்."

"ம்."

அவர் அதை முன்வாயில் பொருத்தினார். காற்று அடித்தால் கழன்றுவிடக் கூடாதே என்று சுற்றிலும் டேப் ஒட்டினார். இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"எப்படி?"

அமலதாஸ் தலையசைத்தார்.

வைரமணிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "இப்ப குறி பார்க்கணும்," என்று சொல்லிக்கொண்டே குனிந்தார்.

பெரிய குழலின் முதுகில் ஒரு சின்னக் குழல் ஒட்டியிருந்தது. குறி பார்ப்பதற்கென்றே வைத்தது. இரவில் அதில் ஒரு கண் வைத்துத்தான் பெரிய குழலை நட்சத்திரத்தின் பக்கம் நகர்த்துவார்கள். வைரமணி தன் கண்ணை அதனிடம் கொண்டு போனார்.

இருட்டாக இருந்தது.

நிமிர்ந்தார். அமலதாஸின் உள்ளங்கை அந்தச் சின்னக் குழலின் முன்வாயை மூடியிருந்தது.

"கையை எடுங்க சார். மறைக்குது."

அமலதாஸ் கையை எடுக்கவில்லை. இன்னொரு கையால் சட்டைப்பையிலிருந்து ஒரு கறுப்புத் தாளை எடுத்தார். வைரமணியின் கண் இருந்த இடத்தில் அந்தத் தாளைப் பிடித்தார்.

பிறகு உள்ளங்கையை எடுத்தார்.

குழலை இப்படியும் அப்படியும் மெல்ல நகர்த்தினார். கறுப்புத் தாளில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்து விழுந்தது.

புகைந்தது.

வைரமணி பார்த்துக்கொண்டே இருந்தார். புள்ளி ஓட்டையானது. ஓட்டையின் விளிம்பு சிவந்து சுருண்டது.

அமலதாஸ் மறுபடி உள்ளங்கையால் மூடினார். தாளைக் கீழே போட்டுச் செருப்பால் தேய்த்தார்.

வைரமணி துவைகல்லில் உட்கார்ந்தார். விசிலைப் பிடித்துக்கொண்டார்.

"வரிசையில எங்க பிள்ளைங்க நிப்பாங்க சார்," என்றார். "பெரிய குழல்ல ஒருத்தன் பார்க்கும்போது, அடுத்தவன் சும்மா இருக்க மாட்டான். சின்னக் குழல்லதான் கண்ணை வைப்பான்."

தரையில் கருகிக் கிடந்த தாளைப் பார்த்தார்.

"நான் முதல்ல வச்சேனே."

அவர் எழுந்தார். டீ வரும்வரை காத்திருக்கவில்லை. சொல்லிக்கொள்ளாமலே போனார்.

அன்று ராத்திரி, தொலைநோக்கி போகட்டும், டவுன் பள்ளிக்கே போகட்டும் என்று ஒரு தடவை நினைத்தார். அலமாரிக்குள் இருந்தால் யார் கண்ணுக்கும் கேடில்லை. அந்த நினைப்போடு படுத்தார். விடியும்போது அந்த நினைப்பே அவருக்குப் பிடிக்கவில்லை.

●

மறுநாள் மதியம் வந்தார்.

பூனை வழக்கம்போல வந்து போயிருந்தது. வைரமணி எல்லாவற்றையும் மறுபடி செய்தார். மட்டம் பார்த்தார். மாதத்தை முன்னே போட்டார். பிறகு ஒரு ஸ்குரூவைத் திருகினார். சின்னக் குழலைக் கழற்றினார். தன் கைப்பையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினார்.

அமலதாஸ் மரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப எதை வச்சுக் குறி பார்ப்பீங்க?"

டீச்சர் பேசுவதற்கு முன்னால் அவராகக் கேட்ட முதல் கேள்வி அது.

வைரமணி பில்டரைத் தொலைநோக்கியில் போடுவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளின் மேல் அதன் நிழல் விழும்படி பிடித்தார். நிழல் முழுக்கக் கறுப்பாக இருந்தது. எங்கும் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. ஓட்டையோ கிழிசலோ இல்லையென்று அர்த்தம். பிறகுதான் பொருத்தினார். டேப் ஒட்டினார்.

சூரியனைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தரையைப் பார்த்தார்.

தரையில் குழலின் நிழல் நீளமாகக் கிடந்தது.

ரிமோட்டை அழுத்தினார். நிழல் சுருங்கியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். இன்னும் சுருங்கியது. கடைசியில் நீளமே இல்லாமல், வட்டமாக, குழலின் பருமன் அளவுக்கு வந்து நின்றது.

வைரமணி குனிந்து வில்லையில் கண் வைத்தார்.

ஆரஞ்சுப் பழம்போல ஒரு வட்டம். அதன் ஓரமாக மிளகு சிந்தியதுபோல இரண்டு கரும்புள்ளிகள்.

"சார், வாங்க," என்றார். "வந்து பாருங்க."

அமலதாஸ் வந்து பார்த்தார்.

"டிரில் பீரியட்ல பிள்ளைங்களோட நிழலைப் பார்த்துத்தான் சார் மணி சொல்லுவேன். அதான் தோணுச்சு."

அமலதாஸ் நிமிர்ந்தார். டீ போட உள்ளே போனார்.

வைரமணி விடவில்லை. அடுப்படி ஜன்னலுக்கு நேராகப் போய் நின்றார்.

"சார், நாளைக்குச் சனிக்கிழமை. நான் தயாரா இல்லையா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

"தெரியலை."

"தெரியலையா! அப்ப ஹெட்மாஸ்டர்கிட்ட நான் என்ன சொல்ல?"

"நாளைக்கு நான் வர்றேன்னு சொல்லுங்க."

"என்னைச் சோதிக்கவா?"

"டீ ஆறுது," என்றார் அமலதாஸ்.

●

அமலதாஸே வருகிறார் என்றதும் தலைமையாசிரியர் ஆதிமூலம் சாவியைக் கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை பள்ளி மைதானத்தில் ஒரு சின்னப் பந்தல். பந்தலுக்கு வெளியே, வெயிலில், பள்ளியின் புதுத் தொலைநோக்கி நின்றது. அமலதாஸின் கொல்லையில் இருந்தது போலவே ஒன்று. கால் மட்டமாக இருந்தது. தேதி சரியாக இருந்தது. சின்னக் குழல் வைரமணியின் கைப்பைக்குள் இருந்தது. பெரிய குழலின் வாயில் மூடி. பில்டர் பக்கத்து மேசையில்.

பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். கட்டிக்கொண்டார்கள்.

"டீச்சர், சூரியன் சுடுமா டீச்சர்?"

"கைய எடுத்தா நான் சுடுவேன்."

வரிசை சிரித்தது.

அமலதாஸ் வேப்பமரத்தடியில் ஒதுங்கி நின்றார்.

கல்வி அலுவலர் வரும்போது நேரமாகிவிட்டது. களைத்த முகம். ஜீப்பிலிருந்து இறங்கும்போதே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆதிமூலம் மாலை போட்டு, மேசைப் பக்கம் அழைத்து வந்தார். வைரமணி அப்போது வரிசையின் கடைசியில் இரண்டு பையன்களின் சண்டையைத் தீர்த்துக்கொண்டிருந்தார்.

"இதுதான் மேடம் பில்டர்," என்றார் ஆதிமூலம். "எவ்வளவு மெல்லிசு பாருங்க. ஜரிகை மாதிரி." கையில் இருந்த பேனாவால் தட்டித் தட்டிக் காட்டினார். "இவ்வளவு மெல்லிசுத் தாள் சூரியனையே நிறுத்திடுதே!"

அலுவலர் தலையாட்டினார். ஆதிமூலம் பில்டரை மேசையில் வைத்தார்.

வைரமணி திரும்பி வந்தார்.

"ஆரம்பிங்க டீச்சர்," என்றார் ஆதிமூலம். "மேடத்துக்கு இன்னொரு ஊர்ல கூட்டம் இருக்கு. முதல்ல மேடம் பார்க்கட்டும்."

வைரமணி பில்டரை எடுத்தார். சற்று முன்புதான் அதைப் பார்த்து வைத்திருந்தார். எந்தக் குறையும் இல்லை. அவர் வைத்தபோது வெள்ளிப்பக்கம் மேலே இருந்தது. இப்போது கீழே இருந்தது.

வெள்ளைத் தாளை எடுத்தார். நிழல் விழும்படி பிடித்தார்.

கறுப்பு நிழலின் நடுவே, பிறைபோல ஒரு கீற்று வெளிச்சம்.

"கிழிஞ்சிருக்கு," என்றார்.

"கிழிஞ்சிருக்கா? எப்படி?" என்றார் ஆதிமூலம்.

வைரமணி அவர் கையில் இருந்த பேனாவைப் பார்த்தார்.

"எப்படியோ சார். கிழிஞ்சிருக்கு."

"எங்க, காட்டுங்க. இது என்ன, நகக்கண் அளவுகூட இல்ல. செல்லோ டேப் ஒட்டிடலாம்."

"ஒட்டக் கூடாது சார்."

"டீச்சர், மேடம் நிக்கிறாங்க."

"சூரியனைக் காட்ட முடியாது சார்."

வரிசையில் முன்னால் நின்ற பெண், பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். பிறகு மறுபடி கட்டிக்கொண்டாள்.

ஆதிமூலத்துக்கு வேர்த்தது. அண்ணாந்து பார்த்தார். கிழக்கு வானத்தில், வெயிலோடு வெயிலாக, வெளுத்த பாதி நிலா தெரிந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"அந்தா, நிலா இருக்குல்ல! அதைக் காட்டுங்க. அதுக்கு பில்டர் வேண்டாமே?"

வைரமணியும் நிலாவைப் பார்த்தார். ரிமோட் கையில்தான் இருந்தது. இரண்டு பட்டன் அழுத்தினால் போதும். குழல் நிலாவின் முன்னால் போய் நிற்கும். மேடம் பார்ப்பார். கையெழுத்துப் போடுவார். டெலஸ்கோப் இங்கேயே இருக்கும்.

குழல் போகும் வழியைக் கண்ணால் அளந்தார். இங்கிருந்து அங்கே. பின்பு ஒவ்வொரு பிள்ளையாக வருவான். ஒருவன் குழலில் இடிப்பான். ஒருவன் ரிமோட்டில் கை வைப்பான். அது எந்தப் பக்கம் திரும்பும் என்று கேட்டுவிட்டா திரும்பும்? மேற்கே சூரியன் இன்னும் பனைமர உயரத்தில் நின்றது.

"முடியாது சார்," என்றார். "சூரியன் இறங்கட்டும்."

ஆதிமூலம் அருகில் வந்தார். குரலைத் தாழ்த்தினார். "அதுவரைக்கும் மேடம் இருக்க மாட்டாங்க. மேடம் போனா திங்கக்கிழமை டெலஸ்கோப்பும் போயிரும். புரியுதா இல்லையா?"

"புரியுது சார்."

வைரமணி குழலின் மூடியை ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். இறுக்கமாக இருந்தது. விசிலை ஊதினார்.

"எல்லாரும் அப்படியே உட்காரு! வரிசை கலையக் கூடாது. சூரியன் அந்தக் கரட்டு மலைக்குப் பின்னாடி போற வரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாது. அப்புறம் நிலா. ஒருத்தர் விடாம எல்லாரும் பார்ப்போம்."

பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். ரிமோட்டைக் கைப்பையில், சின்னக் குழலோடு போட்டார் வைரமணி. ஜிப்பை மூடினார்.

அலுவலர் இதுவரை பேசவில்லை. இப்போது பேசினார்.

"நான் போகணும் டீச்சர்."

"போயிட்டு வாங்க மேடம். இன்னிக்கு இவங்க நிலாவைப் பார்க்கட்டும். நாளைக்கு ஞாயித்துக்கிழமை. நானே வந்து பெட்டியில கட்டி வைக்கிறேன்."

கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மூடி போட்டு, பத்திரமா," என்று சேர்த்தார்.

அலுவலர் அவரையே பார்த்தார். பிறகு வேப்பமரத்தைப் பார்த்தார்.

"அவர்தானே இவங்களுக்குச் சொல்லிக் குடுத்தவர்?"

"ஆமாங்க மேடம்," என்றார் ஆதிமூலம் அவசரமாக. "அமலதாஸ் சார், கொஞ்சம் வாங்க."

அமலதாஸ் வந்தார்.

"சார், நீங்க சொல்லுங்க," என்றார் அலுவலர். "இந்த டீச்சருக்கு இதைக் கையாளத் தெரியுமா, தெரியாதா? இது இந்த ஸ்கூல்ல இருக்கலாமா?"

வைரமணி தரையைப் பார்த்தார். நேற்றுவரை இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் அந்தக் கொல்லையைச் சுற்றிச் சுற்றி வந்தார். இன்று பில்டர் கிழிந்தது அவருடைய பொறுப்பு. கண்ணெதிரே வைத்திருக்க வேண்டும். சண்டையை விலக்கப் போயிருக்கக் கூடாது. சார் அதைத்தான் சொல்வார். சொல்லட்டும்.

அமலதாஸ் ஒன்றும் சொல்லவில்லை.

செருப்பைக் கழற்றினார். மேசையைத் தாண்டி, தலைமையாசிரியரைத் தாண்டி, வரிசையின் ஓரமாக நடந்து போனார். கடைசியில் இருந்த பையனுக்குப் பின்னால், வெறும் மண்ணில், சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அலுவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேற்கே பார்த்தார்.

"டிரைவர்," என்றார். "வண்டியை நிழல்ல போடுப்பா."

சொல்லிவிட்டுத் தொலைநோக்கியின் பக்கம் ஓர் எட்டு வைத்தார்.

வைரமணி குறுக்கே வந்து நின்றார்.

"மேடம், வரிசை அங்க முடியுது."

ஆதிமூலம் கண்ணை மூடிக்கொண்டார்.

கடைசியில், மண்ணில், அமலதாஸ் சற்று நகர்ந்து இடம் விட்டார்.